18 ரன்னுக்கு ஆல் அவுட்: இங்கிலாந்துப் பல்கலைக்கழக அணிகள் முதல் தர அந்தஸ்தை இழந்த கதை

2012ஆம் ஆண்டுப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. டர்ஹம் நகரின் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இரண்டு அணிகள் ஆடின. ஒன்று டர்ஹம் கவுன்ட்டி (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு). 2008லும் 2009லும் அடுத்தடுத்து கவுன்ட்டி சாம்பியன் பட்டம் வென்ற தொழில்முறை அணி. மற்றொன்று அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணி. மாணவர்கள் ஒரு இன்னிங்ஸில் 18 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனார்கள்.

பயிற்சி ஆட்டமாக இருந்திருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள். ஆனால் அது முதல் தர ஆட்டம், அதாவது உயர்மட்ட அணிகள் மோதும், வீரர்களின் அதிகாரபூர்வக் கணக்கில் சேரும் பல நாள் ஆட்டம். ஆகவே அந்த 18 ரன் கிரிக்கெட்டின் நிரந்தரப் பதிவேட்டில் ஏறிவிட்டது. 1983க்குப் பிறகு இங்கிலாந்தில் ஒரு முதல் தர ஆட்டத்தில் எடுக்கப்பட்ட மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். மாணவர் அணிகள் தொழில்முறை அணிகளோடு ஆடும் ஆட்டத்துக்கு எதற்கு இந்த அந்தஸ்து என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைத்திருக்காது. எட்டு ஆண்டு கழித்து, 2020 பருவத்தோடு அந்த அந்தஸ்து போயே போய்விட்டது.

மாணவர்களின் தரம் சரிந்தது, அதனால் அந்தஸ்து போனது என்று இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்று நினைக்கிறேன். 1983இல் எடுக்கப்பட்ட அந்தக் குறைந்த ஸ்கோர் என்ன தெரியுமா? செம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸ் அணிக்கு எதிராக சர்ரே எடுத்த 14 ரன். சம்பளம் வாங்கி ஆடும், பல முறை சாம்பியன் ஆன கவுன்ட்டி அது. சர்ரேயின் அந்தஸ்தைப் பறிக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை. ஒரு மோசமான நாள் யாருக்கும் வரும். மாணவர் அணிகளின் விஷயத்தில் கேள்வியே வேறு: அந்த நாளுக்கு முன்னால் அவர்களுக்கு என்ன வாய்ப்பு கொடுத்திருந்தோம்?

அந்தஸ்து எங்கிருந்து வந்தது

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலில் மோதியது 1827இல், லார்ட்ஸ் மைதானத்தில். கவுன்ட்டி சாம்பியன்ஷிப் என்ற ஒன்று அப்போது இல்லை. டெஸ்ட் கிரிக்கெட் பிறக்க இன்னும் 50 ஆண்டு இருந்தது. நல்ல கிரிக்கெட் எங்கே ஆடப்படுகிறது என்று கேட்டால், சொல்லக்கூடிய ஒருசில பெயர்களில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் இருந்தன. யாரோ சலுகையாகக் கொடுத்த அந்தஸ்து இல்லை அது. முதல் தரம் என்ற சொல்லுக்கு முறையான வரையறை எழுதப்பட்டதே 1947இல்தான். பல்கலைக்கழக அணிகள் அதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தன.

அந்தக் காலத்திலும் மாணவர் அணிகளின் ஆட்டம் ஒரே சீராக இருந்ததில்லை. 1877 மே மாதம் எம்.சி.சி. (லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரரான மெரில்போன் கிரிக்கெட் கிளப்) அணிக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டு 12 ரன்னில் சுருண்டது. டர்ஹம் மாணவர்களின் 18ஐவிட ஆறு ரன் குறைவு. அடுத்த ஆண்டு ஜூலையில் சுற்றுப்பயணம் வந்த ஆஸ்திரேலிய அணியை கேம்பிரிட்ஜ் இன்னிங்ஸ் மற்றும் 72 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது! 14 மாத இடைவெளியில் இந்த இரண்டும் நடந்தன. மாணவர் கிரிக்கெட்டின் இயல்பு அது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும், ஒரு தலைமுறை மூன்றே வருடத்தில் வந்து போய்விடும். ஒரு ஸ்கோரை வைத்துத் தரத்தை அளப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். 1927இல் கேம்பிரிட்ஜின் ஃபென்னர்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் பந்துவீச்சை எதிர்த்து அந்தப் பல்கலைக்கழகத்தின் துலீப்சிங்ஜி ஆட்டமிழக்காமல் 254 எடுத்தார். 1931இல் கேம்பிரிட்ஜின் ஆலன் ராட்கிளிஃப் 201 அடித்தார். ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்தில் அதுவரை யாரும் இரட்டைச் சதம் போட்டதில்லை. ஆனால் அந்தச் சாதனை ஒரு நாள்தான் நின்றது. மறுநாளே மூத்த பட்டோடி நவாப் ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஆட்டமிழக்காமல் 238 எடுத்துவிட்டார். 1938இல் மே மாதம் முடிவதற்குள் பிராட்மன் 1,000 ரன் கடந்தாரே, அந்தக் கணக்கில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிராக எடுத்த 58உம் கேம்பிரிட்ஜுக்கு எதிராக எடுத்த 137உம் அடக்கம். டெஸ்ட் தொடருக்கு முன் சுற்றுப்பயண அணிகள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடங்களில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் மைதானங்களும் இருந்தன.

1950இல் ஃபென்னர்ஸில் நடந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிரணி வெஸ்ட் இண்டீஸ். கேம்பிரிட்ஜின் தொடக்க ஜோடி டேவிட் ஷெப்பர்டும் ஜான் டியூசும் 343 ரன் சேர்த்தார்கள். ஷெப்பர்ட் 227, டியூஸ் 183. அணி 4 விக்கெட்டுக்கு 594 என்று டிக்ளேர் செய்தது. பதிலுக்கு வெஸ்ட் இண்டீஸ் 3 விக்கெட்டுக்கு 730. எவர்டன் வீக்ஸ் மட்டும் ஆட்டமிழக்காமல் 304. மொத்தம் 1,324 ரன், ஏழே விக்கெட். பந்துவீசியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் பந்துவீச்சை ஒரு டெஸ்ட் அணி துவைத்து எடுத்தது உண்மை, ஆனால் மாணவ மட்டையாளர்களும் அந்த டெஸ்ட் அணியைத் துவைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அதே கோடையில் இங்கிலாந்தை டெஸ்ட் தொடரில் வென்ற வெஸ்ட் இண்டீஸ் அது. இடைவெளி அன்றும் இருந்தது. அது ஒருபக்கமாக மட்டும் சாயவில்லை, அவ்வளவுதான்.

1961இல் இளைய பட்டோடி, முந்தைய ஆண்டின் கவுன்ட்டி சாம்பியன் யார்க்‌ஷயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 106, ஆட்டமிழக்காமல் 103 என்று இரண்டு சதம் போட்டார். அந்தப் பருவத்தில், ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் தன் தந்தை எடுத்த ரன் சாதனையை முறியடிக்க நூறு ரன்கூடத் தேவையில்லை என்ற நிலையில் இருந்தவர், ஜூலை 1ஆம் தேதி ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். 1974இல் இம்ரான் கான் ஆக்ஸ்ஃபோர்டு கேப்டனாக நாட்டிங்ஹம்‌ஷயருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 117, பிறகு 106.

தமிழ்ப் பெயர்களும் இந்த வரலாற்றில் உண்டு, நம்மில் பலர் கேள்விப்படாதவை. சிலோன் அணிக்கு ஆடிய மனோ பொன்னையா அறுபதுகளின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜுக்கு ஆடினார். கொழும்பில் பிறந்த கஜன் பத்மநாதன் 1975 முதல் 1978 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்கும், 1983இல் கேம்பிரிட்ஜுக்கும் ஆடினார். இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஆடி இரண்டு பக்கமும் ‘புளூ’ (ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்தில் ஆடியவர்களுக்குத் தரும்) கௌரவம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என்ன மாறியது

தரம் ஏன் சரிந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பல்கலைக்கழகங்கள் படிப்பைப் பார்த்து மட்டும் ஆள் எடுக்க ஆரம்பித்தன. இது உண்மை. போருக்குப் பிந்தைய பத்திருபது ஆண்டுகளில், நன்றாக மட்டை பிடிப்பவர் என்று தெரிந்தால் மதிப்பெண்ணைக் கொஞ்சம் கண்டும் காணாமல் விடும் கல்லூரி ஆசிரியர்கள் இருந்தார்கள். எழுபது, எண்பதுகளில் அந்தக் கதவு மூடிக்கொண்டே வந்தது. அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக இடம் படிப்புக்கானது.

ஆனால் அதற்கு முன்பே இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்துவிட்டன. முதலாவது கட்டாய ராணுவச் சேவை. போருக்குப் பிறகு இங்கிலாந்து இளைஞர்கள் பலர் அந்தச் சேவையை முடித்துவிட்டே பல்கலைக்கழகம் வந்தார்கள். அங்கேயும் கிரிக்கெட் ஆடியிருப்பார்கள். 20, 21 வயதில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்து, உடலும் மனமும் முதிர்ந்த ஆட்களாக கவுன்ட்டி பந்துவீச்சை எதிர்கொண்டார்கள். 1960இல் புதிய அழைப்புகள் நின்றன. அப்புறம் வந்தவர்கள் பள்ளியிலிருந்து நேராக வந்த 18 வயதுப் பையன்கள்.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. 1962 பருவத்துக்குப் பிறகு ‘அமெச்சூர்’ (சம்பளம் வாங்காமல் ஆடுபவர்), ‘தொழில்முறை’ என்ற பிரிவினை ஒழிந்தது. அதுவரை ஒரு வசதியான வழி இருந்தது. மே, ஜூன் மாதங்களில் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது, ஜூலையில் படிப்பு முடிந்ததும் கவுன்ட்டி அணியில் அமெச்சூராகச் சேர்வது, பல சமயம் கேப்டனாகவே. பீட்டர் மே, டெட் டெக்ஸ்டர், காலின் கௌட்ரி, எம்.ஜே.கே. ஸ்மித் என்று ஐம்பது, அறுபதுகளின் இங்கிலாந்து கேப்டன்கள் பலர் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் ஆட்களாக இருந்ததற்கு இது ஒரு காரணம். வர்க்கப் பாகுபாட்டின் மேல் நின்ற ஏற்பாடு அது, ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஒழிந்த பிறகு கவுன்ட்டி கிரிக்கெட் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுநேர வேலை ஆனது. 18 வயதில் ஒப்பந்தம் கொடுக்கக் கவுன்ட்டி தயாராக இருக்கும்போது, திறமையான பையன் ஏன் மூன்று வருடம் வேறெங்கோ செலவழிக்க வேண்டும்?

ஆக, மாணவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எதிரே நின்றவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். உடற்பயிற்சி நிபுணர், முழுநேரப் பயிற்சியாளர், சிறுவயதிலேயே ஆளெடுக்கும் அகாடமி என்று தொழில்முறை அணி வருடாவருடம் மாறிக்கொண்டே போனது. மாணவரோ காலையில் வகுப்பு, மாலையில் வலைப்பயிற்சி. தரம் சரிந்தது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடைவெளிதான்.

டர்ஹம் காட்டிய வழி

இடைவெளியை மூட நல்ல முயற்சி ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 1989இல் கவுன்ட்டிகள் மோதும் ஒருநாள் போட்டியான பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையில் ஒருங்கிணைந்த பல்கலைக்கழக அணி சர்ரேயையும் வூஸ்டர்‌ஷயரையும் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனது. கேப்டன் மைக் ஆதர்டன், கேம்பிரிட்ஜ் மாணவர். காலிறுதியில் சோமர்செட்டிடம் 3 ரன்னில் தோற்ற அந்த ஆட்டத்தில் 118 அடித்தவர் நாசர் ஹுசைன், டர்ஹம் மாணவர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தாண்டியும் மாணவர் கிரிக்கெட்டில் ஆள் இருக்கிறது என்று அந்த அணி காட்டியது.

முன்னாள் இங்கிலாந்துத் தொடக்க ஆட்டக்காரர் கிரீம் ஃபவுலர் 1996இல் டர்ஹமில் ஒரு பயிற்சி மையத்தை ஆரம்பித்தார். பட்டப்படிப்பையும் விடாதே, கவுன்ட்டி வீரனுக்குரிய பயிற்சியையும் விடாதே என்பதுதான் அதன் யோசனை. 2000ஆம் ஆண்டுவாக்கில் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதை ஆறு இடங்களுக்கு விரிவாக்கியது: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹம், லஃப்பரோ, கார்டிஃப், லீட்ஸ்–பிராட்ஃபோர்டு. 2005இல் எம்.சி.சி. நிதிப் பொறுப்பை ஏற்றது. 2010 முதல் இந்த அணிகள் எம்.சி.சி.யின் பெயரையே தாங்கி ஆடின. முதல் மூன்று மையங்களுக்கு 2001 முதலும், லஃப்பரோவுக்கு 2003 முதலும், மற்ற இரண்டுக்கும் 2012 முதலும் கவுன்ட்டிகளுக்கு எதிரான ஆட்டங்களில் முதல் தர அந்தஸ்து கிடைத்தது.

பலன் இருந்தது. லஃப்பரோவிலிருந்து மான்ட்டி பனேசர் வந்தார். ஹுசைனும் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸும் டர்ஹமில் படித்து இங்கிலாந்து கேப்டன் ஆனவர்கள். (இருவரும் ஆறு மையங்கள் வருவதற்கு முன்பே டர்ஹமில் இருந்தவர்கள், ஆனால் அந்த மண்ணின் பயிர்தான்.) கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டே சர்ரேக்கு ஆடி, 2016இல் டெஸ்ட் வரை போன ஸஃபர் அன்சாரி, 25 வயதில் ஆட்டத்தை விட்டு வேறு வாழ்க்கைக்குப் போனார். அப்படிப் போக முடிந்ததே அவர் கையில் பட்டம் இருந்ததால்தான் என்பது என் எண்ணம். தொழில்முறை விளையாட்டில் 25 வயதில் வெளியேறும் பலருக்கு அந்த வசதி இல்லை.

ஆட்டம் எப்படி வெறுமையானது

சரி, பயிற்சி மையங்கள் இவ்வளவு நன்றாக நடந்தும் ஆட்டங்கள் ஏன் கேலிக்குள்ளாயின? நான் முதன்மையாகக் குற்றம் சொல்வது தேதியை.

பழைய நாட்களில் பல்கலைக்கழக அணிகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மே, ஜூன் முழுக்கக் கவுன்ட்டிகளோடும் சுற்றுப்பயண அணிகளோடும் ஆடி, கடைசியில் லார்ட்ஸுக்குப் போகும். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் பல முதல் தர ஆட்டங்கள் ஆடுவார். முதல் ஆட்டத்தில் பூஜ்யம் எடுத்தவர் ஐந்தாவதில் சதம் எடுப்பார். இன்னிங்ஸுக்குப் பின் இன்னிங்ஸாக வளர நேரம் இருந்தது. இளைய பட்டோடி அப்படித்தான் வளர்ந்தார்.

கடைசி இருபது ஆண்டுகளில் இந்த ஆட்டங்கள் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் இரு வாரங்களுக்குள் அடைக்கப்பட்டன. கவுன்ட்டி காலண்டரில் வேறு இடமில்லை. ஒருநாள் போட்டிகள், 2003 முதல் டி20, எல்லாம் கோடையை நிரப்பிவிட்டன. மே, ஜூனில் மாணவர்களுக்குத் தேர்வு. எனவே குளிர் விடாத மார்ச் மாதத்தில், ஈரம் காயாத பிட்சில், குளிர்காலம் முழுக்க உள்ளரங்க வலையில் பயிற்சி எடுத்த பையன்கள், வெளிநாட்டில் பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய கவுன்ட்டி அணிகளைச் சந்தித்தார்கள். ஒரு மையத்துக்குப் பருவத்தில் இரண்டு மூன்று முதல் தர ஆட்டங்கள், அவ்வளவுதான். அதில் ஒன்றை மழை தின்றால் மிச்சம் என்ன?

கவுன்ட்டிகளுக்கு அது சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய ஒத்திகை. மட்டையாளர்கள் ஆளுக்கு ஒரு சதம் போட்டுவிட்டு, அடுத்தவருக்கு வழி விடுவதற்காகத் தாங்களாகவே வெளியேறுவார்கள். கெவின் பீட்டர்சன் 2015இல் சர்ரேக்குத் திரும்பி வந்தபோது முதல் வேலையாக ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு எதிராக 170 அடித்தார். அந்த 170 அவருடைய முதல் தரக் கணக்கில் நிற்கிறது. எதிரணியை மடக்கிவிட்டு மறுபடி மட்டை பிடிக்கப் போவதும் வழக்கம். ஃபாலோ ஆன் கொடுத்து எதிரணியையே உடனே மறுபடி ஆட வைத்தால் தங்கள் பயிற்சி போய்விடுமே! 2019இல் சோமர்செட், கார்டிஃப் மாணவர் அணியை 568 ரன் வித்தியாசத்தில் வென்றது அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில்தான். வெற்றிக்காக ஆடப்படாத ஓர் ஆட்டத்தின் வெற்றி வித்தியாசம் சாதனைப் பட்டியலில் ஏறுகிறது. இதை எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2001க்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு மையத்தில் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும், கேம்பிரிட்ஜ் மையத்தில் ஆங்லியா ரஸ்கின் மாணவர்களும் சேர்ந்து ஆடினார்கள். இரு பழைய பல்கலைக்கழகங்களின் சொந்த அணிகள் ஆடிய ஒரே முதல் தர ஆட்டம், ஒன்றையொன்று எதிர்த்து ஆடியதுதான். கவுன்ட்டியோடு ஆடும் தகுதி இல்லாத பலருக்கும் அந்த ஒரு ஆட்டத்தால் முதல் தர வீரர் என்ற பெயர் கிடைத்தது. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் பார்க்ஸ் மைதானத்தில் சாம் அகர்வால் ஆக்ஸ்ஃபோர்டுக்காக, கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 313 எடுத்தார். அந்த ஆட்டத்தின் இருநூற்றாண்டு நெருங்கும் வரலாற்றில் முதல் முச்சதம். அருமையான சாதனை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதை வீக்ஸின் 304உடன் ஒரே பட்டியலில் வைத்துப் படிக்கும்போது கண் தானாக எதிரணியின் பெயரைத் தேடிப் போகிறது.

எதை எடுத்திருக்க வேண்டும், எதை விட்டிருக்க வேண்டும்

2020 பருவம் முடிந்ததோடு எல்லாப் பல்கலைக்கழக ஆட்டங்களின் முதல் தர அந்தஸ்தும் நீங்கியது. எம்.சி.சி. விலக, நிதிப் பொறுப்பு மறுபடி வாரியத்திடம் போனது. கொரோனாவால் அந்த ஏப்ரலில் கவுன்ட்டி ஆட்டங்கள் நடக்கவே இல்லை. கவுன்ட்டிகளுக்கு எதிராகக் கடைசியாக ஒருமுறை முதல் தர அணியாக இறங்கப்போகிறோம் என்று காத்திருந்த மாணவர்களுக்கு அந்த நாளும் கிடைக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்தின் அந்தஸ்தை எடுத்தது சரி. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கவுன்ட்டிக்கு எதிரான ஆட்டங்களின் விஷயத்தில் முடிவு சரியாக இருந்திருக்கலாம், அதற்குப் போன வழி சரியில்லை. முதலில் ஆட்டங்களை மார்ச் மாதத்துக்குத் தள்ளினார்கள். பிறகு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கவுன்ட்டிகள் அதை வலைப்பயிற்சியாக நடத்த அனுமதித்தார்கள். கடைசியில், பாருங்கள், இது முதல் தர ஆட்டம் மாதிரியே இல்லை என்றார்கள். தேர்வு முடிந்த ஜூன் கடைசியில், மையங்களிலிருந்து சிறந்த 11 பேரைத் திரட்டிய ஒரே அணியை, 1989இல் செய்தது போல, இரண்டு மூன்று கவுன்ட்டிகளோடு நான்கு நாள் ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்திருக்கலாம். அந்த அணி தாங்கவில்லை என்றால் அப்போது எடுத்திருக்கலாம். ஆறு அணிகளுக்கும் அந்தஸ்து கொடுத்துத் திறமையை ஆறாகப் பிரித்ததும், பிறகு ஆறிலிருந்தும் ஒரேயடியாகப் பறித்ததும், இரண்டுமே யோசித்துச் செய்த வேலையாகத் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் மாணவர் அணிகள் இன்றும் கவுன்ட்டிகளோடு ஆடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் பார்க்ஸ் பொதுப் பூங்கா, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. நாயை நடத்திக்கொண்டு வருபவர்கள் எல்லைக்கோட்டருகே நின்று இரண்டு ஓவர் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே ஒரு மாணவர் கவுன்ட்டி வேகப்பந்து வீச்சாளர்களை எதிர்த்து நாள் முழுக்க நின்று சதம் அடித்தால், பட்டோடியும் இம்ரானும் அடித்தது போலவே அது கடினமான சதமாக இருக்கலாம். அவருடைய முதல் தரக் கணக்கில் அது சேராது.